நிலம்பூர் தேக்கு: நீங்கள் பார்க்கப்போவது காடா, தோட்டமா?

ஷொர்ணூரிலிருந்து நிலம்பூர் போகும் ரயிலின் ரீல்ஸ் ஒரு முறையாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஒற்றைத் தண்டவாளம், இரண்டு பக்கமும் நெடுநெடுவென்று தேக்கு மரங்கள், நடுவில் மழையில் நனைந்தபடி வளைந்து போகும் ரயில். கீழே கமென்ட்டில் "காட்டுக்குள்ள ரயில்!" என்று நாலு பேராவது எழுதியிருப்பார்கள்.

அழகு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால், காடா என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கணும். நிலம்பூரின் தேக்கு வரிசைகளில் பெரும்பகுதி தானாக முளைத்ததல்ல. நெல் மாதிரி, கரும்பு மாதிரி, மனிதர்கள் நட்டு வளர்த்து அறுவடை செய்கிற பயிர். என்ன, அறுவடைக்கு ஐம்பது அறுபது வருஷம் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இது தெரிந்துவிட்டால், அந்த ஊரில் பார்க்கும் ஒவ்வொன்றும் வேறு மாதிரி தெரியும்: ரயில் பாதை, ஆறு, மரக்கிடங்கு, அக்கரையில் வாழும் பழங்குடி மக்கள், வெள்ளம்.

நிலம்பூர் எங்கே இருக்கிறது?

கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சாலியாற்றின் கரையில். வரைபடத்தில் பார்த்தால் நீலகிரி மலையின் மேற்கு அடிவாரம். கூடலூரிலிருந்து நாடுகாணி மலைப்பாதையில் இறங்கினால் வழிக்கடவு, அடுத்து நிலம்பூர். சுமார் 50 கி.மீ. தூரம்.

ஊர் கேரளத்தில் இருந்தாலும் ஆற்றின் வேர் நம் பக்கத்து மலைகளில் இருக்கிறது. நீலகிரி - வயநாடு எல்லையை ஒட்டிய மலைகளில் பிறக்கும் சாலியாறு, 169 கி.மீ. ஓடி, கோழிக்கோட்டுக்கு அருகே பேப்பூரில் அரபிக் கடலில் கலக்கிறது. முக்குருத்தியின் மேற்குச் சரிவிலிருந்து வரும் கரிம்புழாவும், கூடலூர்ப் பக்கத்திலிருந்து இறங்கும் பாண்டியாறும் இதில்தான் சேர்கின்றன. கொங்கு மண்டல விவசாயிகள் பல வருஷமாகக் கேட்டுவரும் 'பாண்டியாறு - புன்னம்புழா' திட்டம் ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தண்ணீர் இப்போது போய்ச் சேருவது சாலியாற்றில்தான்.

தேக்குக்கும் போர்க் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

கதை தொடங்குவது கடலில். 1800-களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குக் கப்பல் கட்ட ஓக் மரம் போதவில்லை. நெப்போலியனோடு போர் வேறு. அப்போது அவர்களின் கண்ணில் பட்டது மலபார் தேக்கு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் எளிதில் அண்டாது, தண்ணீரில் சீக்கிரம் உளுத்துப்போகாது, இரும்பு ஆணி அடித்தாலும் ஓக் அளவுக்கு ஆணியை அரிக்காது.

மலபார் தேக்கால் பம்பாயில் கட்டப்பட்டு 1817-ல் தண்ணீரில் இறக்கப்பட்ட 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி' என்ற போர்க் கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதக்கிறது. 200 வருஷத்தைத் தாண்டிவிட்டது. ஆங்கிலத்தில் 'டீக்' என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் 'தேக்கு'தான். போர்த்துக்கீசியர் வாய் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது.

தேவை பெருகியதும் வெட்டும் பெருகியது. 1806-ல் கேப்டன் வாட்சன் என்பவரை மலபார் காடுகளுக்கு அதிகாரியாகப் போட்டு, தேக்கு முழுவதும் கம்பெனிக்கே சொந்தம் என்றார்கள். நில உரிமையாளர்களும் மர வியாபாரிகளும் கொதித்தார்கள். சென்னை மாகாண ஆளுநராக வந்த தாமஸ் மன்றோ, 1820-களின் தொடக்கத்தில் அந்தப் பதவியையே ஒழித்தார். (மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம்.) ஆனால், கட்டுப்பாடு போனதும் தனியார் வெட்டு வேகம் பிடித்தது. இருபதே வருஷத்தில் ஆற்றங்கரையில் நல்ல மரம் கிடைப்பதே கஷ்டம் என்ற நிலை வந்துவிட்டது.

கலெக்டரும் சாத்து மேனனும்

அப்போது மலபார் கலெக்டராக இருந்தவர் ஹென்றி வாலன்டைன் கானலி. 'இனி காட்டில் தேடுவது வேலைக்காகாது, நாமே நட்டு வளர்ப்போம்' என்பது அவருடைய யோசனை. நிலம்பூர்ப் பக்கம் காட்டு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தார்கள். 1840-களின் தொடக்கத்தில் வேலை ஆரம்பித்தது.

ஆனால் விதை முளைக்கவில்லை!

தேக்குக் கொட்டையை உடைத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். மேலே பஞ்சு மாதிரி ஒரு உறை, உள்ளே கல் மாதிரி ஓடு, அதற்குள் விதை. தண்ணீர் உள்ளே போகவே மாதக்கணக்கில் ஆகலாம். என்னென்னவோ செய்து பார்த்தார்கள், தோற்றார்கள். கடைசியில் கைகொடுத்தது காட்டைப் பார்த்துக் கற்ற பாடம்: நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் ஓடு இளகும். இன்றும் நாற்றங்காலில் தேக்கு விதையை ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்துத்தான் விதைக்கிறார்கள்.

இதைக் களத்தில் நின்று செய்து காட்டியவர் சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரி. பெயர்ப் பலகையில் கானலி இருக்கிறார். கன்று நட்டது சாத்து மேனனின் மேற்பார்வையில் உழைத்த உள்ளூர்க் கூலியாட்கள். 1840-களில் தொடங்கி சுமார் இருபது வருஷம், ஆற்றங்கரை நெடுக நட்டுக்கொண்டே போனார்கள். இந்தியாவில் வனத்துறை உருவானது 1864-ல். அதற்கு 20 வருஷம் முன்பே நிலம்பூரில் தோட்டம் எழுந்துவிட்டது.

வளர்ந்த மரங்களைப் பார்க்கக் கானலிக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1855 செப்டம்பரில், சிறையிலிருந்து தப்பி வந்த மாப்பிளைக் கைதிகள் கோழிக்கோட்டில் அவருடைய வீட்டிலேயே அவரைக் கொன்றார்கள். அன்றைய மலபாரில் குத்தகை விவசாயிகளுக்கும் நிலவுடைமைக்கும் ஆங்கில ஆட்சிக்கும் இடையே கனன்றுகொண்டிருந்த பகையின் ஒரு பகுதி அது.

கானலி பிளாட்டில் என்ன பார்க்கலாம்?

அன்று நட்டதில் மிச்சம் இருப்பதுதான் 'கானலி பிளாட்'. ஊரிலிருந்து இரண்டு கி.மீ. தூரத்தில், அருவாக்கோடு மரக்கிடங்கை ஒட்டி, ஆற்றின் அக்கரையில் இருக்கிறது. 1846-ல் நட்ட மரங்கள். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று இதைச் சொல்கிறார்கள்.

முதலில் இது 14.8 ஏக்கர். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளுக்கு மரம் வேண்டும் என்று 9.1 ஏக்கரை வெட்டிவிட்டார்கள். மீதி 5.7 ஏக்கரை வெட்டக் கூடாது என்று 1943-ல் ஒதுக்கிவைத்தார்கள். போருக்காகப் பிறந்த தோட்டத்தின் பாதிக்கு மேல் இன்னொரு போருக்கே போனது.

உள்ளே போனால் சத்தம் குறைந்துவிடும். நாற்பது மீட்டரைத் தாண்டிய மரங்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமனும் உண்டு. கீழே கிடக்கும் இலை ஒவ்வொன்றும் முறம் சைஸ். இளந்தளிர் கிடைத்தால் விரலில் கசக்கிப் பாருங்கள், மருதாணி மாதிரி சிவப்பாக ஒட்டும். தோட்டக் கணக்குப்படி என்றோ வெட்டியிருக்க வேண்டியவை இந்த மரங்கள். விட்டுவைத்ததால், 180 வருஷத்தில் ஒரு தேக்கு எப்படி ஆகும் என்று பார்க்க முடிகிறது.

அடுத்து, கூடலூர் சாலையில் நான்கு கி.மீ. தூரத்தில் தேக்கு அருங்காட்சியகம். கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் துணை மைய வளாகத்தில் 1995-ல் திறந்தார்கள். மரத்துக்கென்று மியூசியமா என்று நினைக்க வேண்டாம். வாசலில் 55 வயது மரத்தின் முழு வேர்த் தொகுதியைத் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். தேக்கின் வேர் ஆழத்தைவிட அகலத்தில் எவ்வளவு பரவும் என்பது அங்கே நின்றால் புரிந்துவிடும். இலையைச் சல்லடையாக்கும் புழுக்கள், விதை, மரத்தின் ஆண்டு வளையங்கள், பேப்பூரில் கட்டும் 'உரு' மரக்கப்பலின் மாதிரி என்று இரண்டு மணி நேரத்துக்கு விஷயம் இருக்கிறது. வெளியே வண்ணத்துப்பூச்சித் தோட்டமும் உண்டு.

ஆறே லாரி, பிறகு ரயில்

வெட்டிய மரம் கடலுக்கு எப்படிப் போனது? ஆனைகள் இழுத்துவந்து ஆற்றில் தள்ளும். தெப்பமாகக் கட்டி மிதக்க விடுவார்கள். அது கோழிக்கோட்டின் கல்லாயி வரை போகும். உலகின் பெரிய மரச் சந்தைகளில் ஒன்றாக இருந்தது கல்லாயி. கோழிக்கோட்டில் கோரப்புழாவையும் கல்லாயி ஆற்றையும் இணைக்கும் கால்வாயை 1848-ல் வெட்டியவரும் இதே கானலிதான். ஆற்றின் முகத்துவாரமான பேப்பூரில் தச்சர்கள் நிலம்பூர் தேக்கால் உருக்கள் கட்டி அரபு நாடுகளுக்கு அனுப்பினார்கள்.

ரயில் வந்தது 1927-ல். மரம் ஏற்றுவதுதான் அதன் முக்கிய வேலை. இரண்டாம் உலகப் போரில் இரும்பு தேவைப்பட்டபோது தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் பாதை திரும்ப வந்தது. இன்று ரீல்ஸில் பார்க்கும் பாதை இப்படி ஒரு முறை செத்துப் பிழைத்தது.

காடு வேறு, தோட்டம் வேறு: எப்படிக் கண்டுபிடிப்பது?

சிம்பிளாக மூன்று விஷயம் கவனித்தால் போதும்.

*வரிசை:* தோட்டத்தில் மரங்கள் கோடு போட்டது போல நிற்கும். பொதுவாக 2 மீட்டருக்கு ஒரு கன்று என்று, ஹெக்டேருக்கு 2,500 நடுவார்கள். நான்காம் வருஷம் தொடங்கி சில தடவை கலைத்து எடுத்துக்கொண்டே வந்து, கடைசி வெட்டின்போது நூற்றுச் சொச்சம் மரங்கள்தான் மிஞ்சும்.

*வயசு:* எல்லா மரமும் ஒரே உயரம், ஒரே பருமன் என்றால் எல்லாம் ஒரே வருஷம் நட்டவை. காட்டில் தாத்தா மரமும் நேற்று முளைத்த கன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

*இலையுதிர்வு:* கோடையில் தேக்குத் தோட்டம் மொத்தமாக மொட்டையாகிவிடும். அதே நாளில், அதே மழையளவு கொண்ட பசுமைமாறாக் காடு இருட்டாக, ஈரமாக இருக்கும்.

ஒரே மரம் இருக்கும் இடத்தில் பூச்சிக்குக் கொண்டாட்டம். முன்பருவ மழை வந்து தளிர் விட்டதும் தேக்கு இலைப்புழு கூட்டம் கூட்டமாக வந்து ஒரே வாரத்தில் தோட்டத்தையே நரம்பாக்கிவிடும். இந்தப் பூச்சியைப் பற்றி நிலம்பூரில் பல வருஷம் ஆய்வு நடந்திருக்கிறது.

உண்மையான காட்டைப் பார்க்க வேண்டும் என்றால் நெடுங்கயம் பக்கம் போகணும். அங்கிருந்து மேலே ஏறினால் கரிம்புழா வனவிலங்கு சரணாலயம், 2020-ல் அறிவிக்கப்பட்டது. அது நம் முக்குருத்தி தேசியப் பூங்காவையும் அமைதிப் பள்ளத்தாக்கையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

அக்கரையில் இருப்பவர்கள் யார்?

நிலம்பூர்க் காடுகளில் சோலநாயக்கர், காட்டுநாயக்கர், பணியர் உள்ளிட்ட பழங்குடிகள் வாழ்கிறார்கள். சோலநாயக்கர் சில நூறு பேர்தான். கருளாய் காட்டில் பாறைக் குகைகளில் வாழ்ந்தவர்கள். தேன், கிழங்கு, குங்கிலியம் சேகரிப்பவர்கள். வெளியுலகோடு அவர்களுக்குத் தொடர்ச்சியான தொடர்பு ஏற்பட்டதே 1970-களுக்குப் பிறகுதான்.

தோட்டம் வந்ததில் இந்த மக்களுக்கு என்ன நடந்தது? காடு குத்தகையானது, பிறகு அரசுடைமையானது. அவர்களில் பலருக்குத் தங்கள் பெயரில் நிலம் இல்லை. நிலம் கேட்டு 2023-24-ல் நிலம்பூரில் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலகத்தின் முன் 300 நாட்களுக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். அதை நடத்தியவர்களில் முன்னால் நின்றவர்கள் பெண்கள்.

ஆறு பொங்கிய வருஷங்கள்

2019 ஆகஸ்டில் சாலியாறு கரையை உடைத்து ஊருக்குள் வந்தது. நிலம்பூர் கடைத்தெருவே மூழ்கியது. ஆகஸ்ட் 8 இரவு, போத்துக்கல்லு ஊராட்சியின் கவளப்பாறையில் மலை சரிந்து 59 பேர் இறந்தார்கள். சிலருடைய உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. ஆற்றுக்கு அப்பால் இருந்த வாணியம்புழா, இருட்டுக்குத்தி பழங்குடிக் குடியிருப்புகளுக்கான பாலமும் அடித்துப்போனது. பிள்ளைகள் பள்ளிக்கு, கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்கு என்று எல்லாரும் பல வருஷம் மூங்கில் தெப்பத்தில்தான் ஆற்றைக் கடந்தார்கள். ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் விலைபோகும் மரத்தை மிதக்கவிட்ட அதே ஆறு.

2024 ஜூலை 30 இன்னும் மோசம். வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை கிராமங்களை அள்ளிய நிலச்சரிவு, சாலியாற்றின் கிளையான புன்னப்புழாவில் இறங்கியது. பல கிலோமீட்டர் காட்டையும் அருவிகளையும் தாண்டி, உடல்கள் போத்துக்கல்லு, நிலம்பூர் கரைகளில் ஒதுங்கின. நூற்றுக்கும் மேற்பட்ட உடல்களையும் உடல் பாகங்களையும் ஆற்றில் தேடி எடுத்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள், பழங்குடி மக்கள், மீட்புப் படையினர், வனத்துறையினர். நிலம்பூர் மருத்துவமனையில் பரிசோதனை முடிந்து, ஆம்புலன்ஸ்கள் வரிசையாக வயநாட்டுக்குத் திரும்பின. இன்ஸ்டாகிராமில் அழகாகத் தெரியும் மணல் திட்டில் நிற்கும்போது, இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த இடம் என்னவாக நினைவில் இருக்கும் என்பதையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

கடையில் சொல்லும் 'நிலம்பூர் தேக்கு' அசல்தானா?

புது வீடு கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்வி. நிலம்பூர் தேக்குக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆற்று வண்டல், ஆழமான மண், நல்ல மழை ஆகியவற்றால் நீளமான, நேரான, பொன்னிறக் கட்டைகள் கிடைப்பதே அதன் பெருமை. வனத்துறைக் கிடங்குகளில் ஏலத்தில்தான் விற்பனை.

ஆனால், வெட்டுவது வருஷா வருஷம் குறிப்பிட்ட பரப்பில் மட்டும். இந்தியாவின் தேக்குத் தேவையில் பெரும்பங்கை இறக்குமதிதான் நிறைவு செய்கிறது. மியான்மர் 2014-ல் வெட்டுமரமாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்த பிறகு ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கத் தேக்கு அதிகம் வருகிறது. ஆகவே, 'இது நிலம்பூர் சார்' என்று கடைக்காரர் சொன்னால், எந்தக் கிடங்கில், எப்போது ஏலம் எடுத்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வனத்துறை ரசீது இருந்தால் காட்டுவார்.

இனி என்ன?

நிலம்பூர் தேக்கு இயற்கைக் காட்டைக் காப்பாற்றியதா, அழித்ததா? இரண்டுமே நடந்தது. தோட்டத்தில் மரம் கிடைத்ததால் மலைமேல் கோடாலி ஏறுவது ஓரளவு குறைந்தது. அதே சமயம், ஆற்றங்கரையின் செழிப்பான கீழ்நிலக் காடு தோட்டமாக மாறியது. அந்த வகைக் காடுதான் இன்று கேரளத்தில் மிக அரிது.

இப்போது வனத்துறைக்கு முன்னால் இருக்கும் கேள்வி நேரடியானது. வயசான தோட்டத்தை வெட்டிய பிறகு அதே இடத்தில் மறுபடி தேக்கு நடுவதா, அல்லது சில இடங்களையாவது பலவகை மரங்கள் கொண்ட காடாகத் திரும்ப விடுவதா? தேக்கு வருமானம் அரசுக்கு வேண்டும். ஆனைக்கும் காட்டெருமைக்கும் தீவனம் வேண்டும். அது காட்டில் கிடைக்காவிட்டால் அவை வருவது வாழைத் தோட்டத்துக்குத்தான். இன்று எடுக்கும் முடிவின் விளைவைப் பார்க்க அறுபது வருஷம் ஆகும். கானலியும் சாத்து மேனனும் எடுத்த முடிவும் அப்படிப்பட்டதுதான்.

போறவங்க கவனத்துக்கு

- எப்படி: ரயிலில் ஷொர்ணூர் போய் அங்கிருந்து நிலம்பூர் ரோடு (66 கி.மீ., சுமார் ஒன்றரை மணி நேரம்). கோவையிலிருந்து சாலை வழி என்றால் பாலக்காடு, மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணா. கூடலூர் வழியாகப் போனால் நீலகிரிக்கான இ-பாஸ் விதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.
- எப்போது: பச்சைப் பசேல் என்று பார்க்க செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை. மார்ச், ஏப்ரலில் தேக்கு மொட்டையாக இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.
- கானலி பிளாட்: தூக்குப்பாலம் வெள்ளத்தில் சேதமானது. ஆற்றைக் கடக்கும் வழி சீசனுக்குச் சீசன் மாறலாம். வனத்துறை கவுன்ட்டரில் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.
- அருங்காட்சியகம்: பொதுவாகத் திங்கள்கிழமை விடுமுறை.
- ஆறு: இங்கே வெயில் அடித்தாலும் மலையில் பெய்த மழை சட்டென்று இறங்கிவரும். உள்ளூர்க்காரர்கள் 'இறங்காதீங்க' என்றால் இறங்க வேண்டாம்.
- பழங்குடிக் குடியிருப்புகள்: அவை சுற்றுலா ஸ்பாட் இல்லை. அனுமதி இல்லாமல் உள்ளே போவதும், கேட்காமல் படம் எடுப்பதும் கூடாது.